அமெரிக்காவில் பள்ளி உளவியலாளர் ஆக என்ன படிக்க வேண்டும்? (இந்திய எம்.எஸ்சி. சைக்காலஜி கையில் இருக்கிறது)

கயல்_டாலஸ் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பழைய இழைகளில் தேடினேன், இதற்கு நேரான பதில் கிடைக்கவில்லை. அதனால் புதிதாகத் தொடங்குகிறேன்.

சென்னையில் எம்.எஸ்சி. சைக்காலஜி முடித்துவிட்டு ஒரு சிபிஎஸ்இ பள்ளியில் கவுன்சலராக இருந்தேன். கல்யாணமாகி இங்கே வந்தபின் சில வருஷம் வீட்டோடு போயிற்று. கணவரின் ஐ-140 (கிரீன் கார்டுக்கான வேலை வழி மனு) ஒப்புதலான பிறகு எனக்கு எச்4 ஈஏடி, அதாவது துணைவர் விசாவில் வேலை பார்க்கும் அனுமதி, வந்தது. இப்போது வீட்டுக்குப் பக்கத்து அரசுப் பள்ளியில், சிறப்புக் கல்வி வகுப்பில் உதவியாளராக இருக்கிறேன். பாரா என்பார்களே, அந்த வேலை.

எங்கள் பள்ளிக்கு ஒரு அம்மா உருட்டுப் பெட்டி ஒன்றை இழுத்துக்கொண்டு வருவார். ஒரு பிள்ளையைத் தனி அறைக்கு அழைத்துப் போவார், ஒரு மணி நேரம் கழித்துக் கொண்டுவந்து விடுவார். இன்னொரு நாள் வகுப்பின் மூலையில் உட்கார்ந்து அதே பிள்ளையைப் பார்த்துக் குறிப்பெடுப்பார். சில வாரம் கழித்து நடக்கும் கூட்டத்தில், அவனுக்கு ஏன் வாசிப்பு வரவில்லை, கணக்கு நேரத்தில் மட்டும் ஏன் மேசைக்கடியில் போய் உட்கார்கிறான் என்று பெற்றோருக்குப் புரியும்படி சொல்வார். கேட்ட அந்த அப்பா, "இத்தனை நாள் அடம் என்றுதான் நினைத்தோம்" என்றார். அந்த அம்மா பள்ளி உளவியலாளர், இங்கே அந்தப் பதவியை எல்எஸ்எஸ்பி என்று சொன்னார்கள். எனக்கு அந்த வேலைதான் வேண்டும்.

என் எம்.எஸ்சி. இங்கே செல்லுமா? ஆன்லைனில் கவுன்சலிங் படிப்பு ஒன்று முடித்தால் போதும் என்று ஒரு தோழி சொல்கிறாள், உண்மையா? பி.எச்டி. வேண்டுமா? வயது 34, ஏழு வயதில் பையன் இருக்கிறான். எத்தனை வருஷம் ஆகும் என்று தெரிந்தால்தான் வீட்டில் பேச முடியும்.

மீனா_சான்ஆன்டோனியோ எழுதியது:

கயல், நான் எல்எஸ்எஸ்பி. டெக்சாஸில்தான் படித்தேன், டெக்சாஸ் பள்ளி மாவட்டம் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) ஒன்றில்தான் வேலை. பதில் கொஞ்சம் நீளும்.

முதலில் அந்தக் கவுன்சலிங் படிப்பு. அது வேறு வேலைக்கான வழி. உங்கள் பள்ளியிலேயே மூன்று பேர் இருப்பார்கள், பார்க்க ஒரே மாதிரி தெரியும். ஸ்கூல் கவுன்சலர் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொது: எந்தப் பாடம் எடுப்பது, சண்டை, அழுகை, கல்லூரி விண்ணப்பம். எஜுகேஷனல் டயக்னாஸ்டிசியன் என்று ஒருவர் இருப்பார், டெக்சாஸில் இந்தப் பதவி பரவலாக உண்டு. அவர் ஆசிரியராக இருந்து மேலே வந்தவர், அறிவுத்திறன் சோதனையும் கற்றல் குறைபாட்டு மதிப்பீடும் செய்வார். மூன்றாவது நாங்கள். அந்த மதிப்பீட்டோடு ஆட்டிசம், உணர்ச்சி, நடத்தை சார்ந்தவை, நெருக்கடி நேரத் தலையீடு, ஆசிரியரோடு உட்கார்ந்து திட்டம் போடுவது எல்லாம் எங்கள் பக்கம். எல்எஸ்எஸ்பி என்பது டெக்சாஸ் வைத்திருக்கும் பெயர், விரித்தால் லைசென்ஸ்டு ஸ்பெஷலிஸ்ட் இன் ஸ்கூல் சைக்காலஜி. மற்ற மாநிலங்களில் பெரும்பாலும் ஸ்கூல் சைக்காலஜிஸ்ட் என்றே சொல்வார்கள்.

பி.எச்டி. வேண்டாம். இந்தத் துறைக்கு நுழைவாயில் ஸ்பெஷலிஸ்ட் நிலைப் பட்டம். எட்.எஸ். என்று கொடுப்பார்கள், சில இடத்தில் எஸ்.எஸ்.பி. என்றும் எம்.ஏ.வோடு சான்றிதழ் என்றும் பெயர் மாறும். பெயரைப் பார்க்காதீர்கள். குறைந்தது 60 முதுகலை செமஸ்டர் கிரெடிட், இன்டர்ன்ஷிப் 1,200 மணி நேரம், அதில் குறைந்தது 600 மணி பள்ளிக்குள். இவை இருக்கிறதா என்று பாருங்கள். முழுநேரமாகப் படித்தால் மூன்று வருஷம்: இரண்டு வருஷம் வகுப்பும் களப்பயிற்சியும், மூன்றாவது வருஷம் முழுவதும் பள்ளியில் இன்டர்ன்.

இந்த அளவுகளை வகுப்பது தேசியப் பள்ளி உளவியலாளர் சங்கம், நாஸ்ப் என்பார்கள். 1969இல் தொடங்கியது. அவர்கள் அங்கீகாரம் பெற்ற படிப்பாகச் சேருங்கள். அப்படி இல்லாத படிப்பை முடித்தவர்கள் பிறகு ஒவ்வொரு பாடத்துக்கும் ஆதாரம் காட்டிப் படாத பாடு படுகிறார்கள்.

அப்புறம் தேர்வு. பிராக்ஸிஸ் ஸ்கூல் சைக்காலஜிஸ்ட், எண் 5403. தேசியச் சான்றிதழான என்சிஎஸ்பிக்கு 155 மதிப்பெண் வேண்டும். டெக்சாஸில் கூடவே மாநிலச் சட்டத் தேர்வு ஒன்று உண்டு. உரிமம் கொடுப்பது கல்வித்துறை இல்லை, உளவியலாளர் வாரியம். அது இப்போது பிஹேவியரல் ஹெல்த் எக்ஸிகியூட்டிவ் கவுன்சிலின் கீழ் இருக்கிறது. விரல்ரேகை, பின்னணிச் சோதனை எல்லாம் வழக்கம்போல.

உங்கள் எம்.எஸ்சி. வீண் போகாது. சேர்க்கைக்கு அது பெரிய பலம். ஆனால் அதை மட்டும் வைத்து உரிமம் கிடைக்காது.

ரங்கா_77 எழுதியது:

மன்னிக்கவும், இதில் எனக்கு உடன்பாடு இல்லை. என் மனைவி இந்தியாவில் எம்.ஃபில். கிளினிக்கல் சைக்காலஜி முடித்தவர், ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு பெற்றவர். மருத்துவமனையில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குச் சோதனை செய்திருக்கிறார். அவரையும் இங்கே "முதலாம் ஆண்டிலிருந்து வாருங்கள்" என்கிறார்கள். ஒரு பக்கம் ஆள் பற்றாக்குறை என்று மாவட்டம் மாவட்டமாக அலறுகிறார்கள், இன்னொரு பக்கம் தெரிந்தவரை வாசலில் நிற்க வைக்கிறார்கள். மூன்று வருஷமும் கட்டணமும் யார் தருவது? பல்கலைக்கழகங்களுக்கு வருமானம் வேண்டும், அவ்வளவுதான் காரணம்.

மீனா_சான்ஆன்டோனியோ எழுதியது:

ரங்கா சார், உங்கள் கோபம் புரிகிறது. பற்றாக்குறையும் உண்மை. 500 மாணவருக்கு ஒருவர் என்பது நாஸ்ப் பரிந்துரை, நாட்டின் சராசரி ஆயிரத்துக்கு மேல் போகிறது. டெக்சாஸில் நிலைமை இன்னும் மோசமானதற்குத் தனிக் கதை உண்டு. 2004 முதல் மாநிலக் கல்வி முகமை, சிறப்புக் கல்வியில் மாணவர் 8.5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பதுபோல ஒரு அளவுகோல் வைத்திருந்தது. 2016இல் ஹூஸ்டன் கிரானிக்கிள் பத்திரிகை அதை வெளியே கொண்டுவந்தது. 2018இல் மத்தியக் கல்வித்துறையும் அது சட்டமீறல் என்று சொல்லிவிட்டது. இடையில் எத்தனையோ பிள்ளைகள் மதிப்பீடே இல்லாமல் வகுப்பு வகுப்பாகத் தள்ளப்பட்டார்கள். இப்போது அவர்களும் வருகிறார்கள், தம்பி தங்கைகளும் வருகிறார்கள். 2023இல் வந்த சட்டத்தால் டிஸ்லெக்சியாவும் (வாசிப்புக் குறைபாடு) முழு மதிப்பீட்டு வழியிலேயே வருகிறது. பெற்றோர் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து 45 பள்ளி நாளில் அறிக்கை முடிய வேண்டும். ஆள் தேவையில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஆனாலும் படிக்கச் சொல்வது வருமானத்துக்காக மட்டும் என்பதை நான் ஏற்க மாட்டேன். உங்கள் மனைவிக்குச் சோதனை செய்யத் தெரியும், சந்தேகமே இல்லை. மருத்துவமனையில் கேள்வி "இந்தப் பிள்ளைக்கு என்ன நோய்க்குறி?" என்பது. பள்ளியில் அது பாதிதான். குறைபாடு இருக்கிறதா, அது படிப்பைப் பாதிக்கிறதா, தனிப்பட்ட கற்பித்தல் தேவையா என்று சட்டம் படிப்படியாகக் கேட்கிறது. மருத்துவர் ஏடிஎச்டி (கவனக் குறைவு, மிகைச் செயல்பாடு) என்று எழுதிக் கொடுத்த பிள்ளை பள்ளியில் சிறப்புக் கல்விக்குத் தகுதி பெறாமல் போகலாம். மருத்துவரிடமே போகாத பிள்ளை தகுதி பெறலாம். 1975இல் வந்து 1990இல் ஐடியா என்று பெயர் மாறிய மத்தியச் சிறப்புக் கல்விச் சட்டத்தின் 13 குறைபாட்டு வகைகளும், காலக்கெடுக்களும், பெற்றோரின் உரிமைகளும் விரல் நுனியில் இல்லாமல் ஏஆர்டி கூட்டத்தில் (பிள்ளையின் சிறப்புக் கல்வியை முடிவு செய்யும் கூட்டம்) உட்கார முடியாது. எதிரே வழக்கறிஞரோடு பெற்றோர் வந்திருப்பார்கள். உங்கள் அறிக்கையின் ஒரு வரியைக் காட்டி "இந்த முடிவுக்கு எப்படி வந்தீர்கள்?" என்பார்கள்.

சோதனைப் பயிற்சியையும் சொல்கிறேன். விஸ்க்-5 என்ற பிள்ளைகளுக்கான அறிவுத்திறன் சோதனையை நடத்தக் கற்கும்போது நாங்கள் காணொளி எடுத்து அனுப்ப வேண்டும். கையேட்டில் இருக்கும் வாக்கியத்தை ஒரு சொல் மாறாமல் வாசிக்க வேண்டும். பிள்ளை அரைகுறையாகப் பதில் சொன்னால் எந்த இடத்தில் "இன்னும் கொஞ்சம் சொல்லு" என்று கேட்கலாம், எந்த இடத்தில் கேட்கக் கூடாது என்று விதி இருக்கிறது. தொடங்கும் கேள்வியில் தடுமாறினால் பின்னால் போய்க் கேட்க வேண்டும், தொடர்ந்து தவறினால் எங்கே நிறுத்துவது என்றும் விதி. நிறுத்துகடிகாரம் பிள்ளையின் கண்ணில் உறுத்தக் கூடாது. சரியான பதிலுக்கு முகம் மலர்ந்தால்கூட எங்கள் பேராசிரியர் சிவப்பு மையில் குறிப்பார், ஏனென்றால் அடுத்த கேள்விக்கு முகம் மலராதபோது பிள்ளைக்குத் தெரிந்துவிடும். அப்படிக் கேட்க வேண்டிய ஒரு இடத்தில் கேட்கத் தவறினாலும் காணொளி திரும்பி வரும், மறுபடி வேறொரு பிள்ளையோடு எடுக்க வேண்டும். (கேள்விகள் என்னவென்று இங்கே எழுத மாட்டேன். வெளியே வந்தால் அந்தச் சோதனையே பயனற்றுப் போகும்.) இந்த எண்ணை வைத்துத்தான் ஒரு பிள்ளை எந்த வகுப்பறையில் உட்கார்வான் என்று பேசப் போகிறார்கள். அதனால் அந்தக் கண்டிப்பு எனக்குச் சரியாகவே படுகிறது.

உங்கள் மனைவி தனித்தனி மாவட்டங்களைக் கேட்பதை விட்டுவிட்டு, ஒரு பல்கலைக்கழகத்தின் படிப்பு இயக்குநரிடம் பாடத்திட்டத்தோடு போகட்டும். ஏற்கெனவே முதுகலை முடித்தவர்களுக்கு எந்தப் பாடங்கள் குறையும் என்று அவர்கள் பார்த்துச் சொல்வார்கள். புள்ளியியல், வளர்ச்சி உளவியல் போன்றவை குறைய வாய்ப்பு அதிகம். பள்ளிச் சட்டம், பள்ளி மதிப்பீடு, இன்டர்ன்ஷிப் குறையாது.

நெல்லை_நியூஜெர்சி எழுதியது:

மீனா மேடம் சொன்னதோடு நியூஜெர்சி நிலவரத்தைச் சேர்க்கிறேன். இங்கே பதினைந்து வருஷத்துக்கு மேல் பள்ளி உளவியலாளராக இருக்கிறேன்.

எங்கள் சான்றிதழை மாநிலக் கல்வித்துறையே கொடுக்கிறது. வேலையும் தனியாக இல்லை, சைல்டு ஸ்டடி டீம் என்று மூன்று பேர் கொண்ட குழு: பள்ளி உளவியலாளர், கற்றல் குறைபாட்டு ஆசிரியர்-ஆலோசகர், பள்ளிச் சமூகப் பணியாளர். பெற்றோர் சம்மதம் தந்தபின் மதிப்பீடு, கூட்டம், திட்டம் தொடங்குவது எல்லாம் சேர்த்து 90 நாள். டெக்சாஸ் அளவு வேறு, எங்கள் அளவு வேறு. கலிஃபோர்னியாவில் பியூபில் பெர்சனல் சர்வீசஸ் கிரெடென்ஷியல் என்று பெயர், ஆசிரியர் சான்றளிப்பு ஆணையம் கொடுக்கிறது.

இந்தத் துறைக்கு நாடு முழுக்கச் செல்லும் ஒரே உரிமம் கிடையாது. மாநிலம்தான் எஜமான். எந்த மாநிலத்தில் வேலை பார்க்கப் போகிறீர்களோ அதை முதலில் முடிவு செய்யுங்கள், அப்புறம் கல்லூரியைத் தேடுங்கள். நம் ஆட்கள் பலர் கட்டணம் குறைவு என்று ஏதோ மாநிலத்து ஆன்லைன் படிப்பில் சேர்கிறார்கள். முடித்தபின் தங்கள் மாநிலம் கேட்கும் ஏதோ ஒரு பாடமோ களப்பயிற்சி மணியோ குறைகிறது. கணவருக்கு வேலை மாற்றம் வந்து மாநிலம் விட்டு மாநிலம் போவதும் நம் குடும்பங்களில் சகஜம். அதற்காகவே என்சிஎஸ்பியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பல மாநிலங்கள் அதைக் காட்டினால் வேலையை எளிதாக்குகின்றன. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை 75 மணி நேரத் தொடர்கல்வி காட்டிப் புதுப்பிக்க வேண்டும்.

பி.எச்டி. பற்றிக் கேட்டிருந்தீர்கள். சைக்காலஜிஸ்ட் என்ற பெயரை முனைவர் பட்டத்தோடு கட்டி வைக்க வேண்டும் என்பது அமெரிக்க உளவியல் கழகத்தின் நீண்டகால நிலைப்பாடு. பள்ளி விஷயத்தில் மாநிலங்கள் விலக்குத் தருகின்றன. 1954இல் நியூயார்க் மாநிலத்தில் நடந்த தேயர் மாநாட்டிலிருந்தே, முனைவர் பட்டம் ஒரு நிலை, அதற்குக் கீழே ஒரு நிலை என்ற இந்தப் பேச்சு இருக்கிறது. நடைமுறையில் வித்தியாசம் இதுதான்: எட்.எஸ். வைத்துப் பள்ளிக்குள் முழு வேலையும் செய்யலாம், பள்ளிக்கு வெளியே சொந்தமாக கிளினிக் போடுவது பெரும்பாலான மாநிலங்களில் முடியாது. சில மாநிலங்களில் வழி உண்டு. கலிஃபோர்னியாவில் எல்.இ.பி. (லைசென்ஸ்டு எஜுகேஷனல் சைக்காலஜிஸ்ட்) என்று தனி உரிமம் இருக்கிறது, பள்ளி அனுபவத்துக்குப் பிறகு அதற்கான தேர்வை எழுதலாம். தனிப் பயிற்சி செய்ய வேண்டும், பல்கலைக்கழகத்தில் பாடம் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் முனைவர் பட்டத்துக்குப் போங்கள். அதற்கு 90 கிரெடிட், 1,500 மணி இன்டர்ன்ஷிப்.

ரங்கா_77 எழுதியது:

விளக்கத்துக்கு நன்றி மேடம். பாடத்திட்டத்தோடு இயக்குநரிடம் போகும் யோசனையை வீட்டில் சொன்னேன், சரி என்றார். ஆனால் ஒன்று மட்டும் மறுபடி சொல்கிறேன்: மூன்றாம் வருஷ இன்டர்ன்ஷிப்புக்குச் சில மாவட்டங்கள் ஒரு பைசா தருவதில்லை. முழுநேரம் வேலை வாங்கிவிட்டுச் சம்பளம் இல்லை என்பது எந்த ஊர் நியாயம்?

மீனா_சான்ஆன்டோனியோ எழுதியது:

இதில் முழுக்க உங்கள் பக்கம் நிற்கிறேன். சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப் தவறு. பிள்ளை குட்டி உள்ளவர்களை, குடியேறியவர்களை அது வெளியே தள்ளிவிடுகிறது. நல்ல செய்தி என்னவென்றால் டெக்சாஸில் பல மாவட்டங்கள் இப்போது சம்பளம் தருகின்றன, ஆள் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்ற தேவையால். கல்லூரியில் சேரும் முன்பே "போன வருஷ மாணவர்களில் எத்தனை பேருக்குச் சம்பளத்தோடு இன்டர்ன்ஷிப் கிடைத்தது?" என்று நேராகக் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் இடத்தைத் தவிர்த்துவிடுங்கள். டெக்சாஸ் ஸ்டேட், டெக்சாஸ் உமன்ஸ், சான் ஆன்டோனியோவில் டிரினிட்டி எல்லாவற்றிலும் இந்தப் படிப்பு இருக்கிறது. கயலுக்கு டெக்சாஸ் உமன்ஸ் இருக்கும் டென்டன் பக்கம்.

விசா விஷயம் தனி. கயலுக்கு ஈஏடி இருப்பதால் சம்பளம் வாங்கலாம், சிக்கல் இல்லை. வெறும் எச்4இல் இருப்பவர்கள் படிக்கலாம், சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது. மூன்றாம் வருஷத்தில் அங்கேதான் முட்டும். எஃப்1 என்ற மாணவர் விசாவுக்கு மாறினால் பாடத்திட்டத்தின் பகுதி என்ற முறையில் சிபிடி என்ற அனுமதியில் இன்டர்ன்ஷிப் செய்யலாம், முடித்தபின் ஓபிடி என்ற தற்காலிக வேலை அனுமதி. அதற்குப் பிறகு எச்1பி வேலை விசா வேண்டுமென்றால், அரசுப் பள்ளி மாவட்டங்களுக்குப் பல்கலைக்கழகங்களைப் போலத் தானாகக் குலுக்கல் விலக்கு கிடைக்காது என்பதை மனதில் வையுங்கள். இதையெல்லாம் வழக்கறிஞரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

முகிலன்_ஃப்ரீமான்ட் எழுதியது:

நான் இந்தத் துறை இல்லை, ஒரு பெற்றோர். ஆனாலும் எழுதத் தோன்றுகிறது.

எங்கள் மகள் முதல் வகுப்பில் இருந்தபோது வாசிப்பில் பின்தங்குகிறாள், சொல் ஒலிகளைப் பிரித்தறிவதில் குறை இருக்கலாம் என்று பள்ளியில் சொன்னார்கள். வீட்டில் பாட்டியோடு முழுக்கத் தமிழ்தான். மதிப்பீட்டுத் திட்டத்தில் கையெழுத்துப் போட்டோம். வந்த பள்ளி உளவியலாளர் தமிழர் இல்லை. ஆனால் முதல் சந்திப்பிலேயே, "உங்கள் மொழியில் p, b ஒலிகளுக்குத் தனித்தனி எழுத்து உண்டா?" என்று கேட்டார். என் மனைவி சிரித்துக்கொண்டே, நமக்கு ஒரே "ப"தான், சொல்லில் எங்கே வருகிறது என்பதைப் பொறுத்து ஒலி மாறும் என்று விளக்கினார். "பம்பரம்" என்று எழுதிக் காட்டி, முதல் ப p மாதிரி, இரண்டாவது ப b மாதிரி என்று சொல்லிக் காட்டினார். அவர் அதை அப்படியே குறித்துக்கொண்டார். மகள் ஆங்கிலத்தில் pig, big போன்ற சொற்களைக் குழப்பிக்கொண்ட இடங்களைத் தனியாகப் பிரித்து வைத்து, மொழிபெயர்ப்பாளரை வைத்துத் தமிழிலும் கதை சொல்லச் சொன்னார். தமிழில் அவள் அரை மணி நேரம் விடாமல் பேசினாள்.

அறிக்கையில் "குறைபாடு இல்லை, இரண்டாம் மொழி கற்கும் நிலை, வகுப்பில் இன்னின்ன உதவி தரவும்" என்று வந்தது. இப்போது நான்காம் வகுப்பு, நன்றாக வாசிக்கிறாள். வேறு யாராவது வந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ என்று இன்றும் நினைப்போம். கயல் போன்றவர்கள் இந்த வேலைக்கு வந்தால் எத்தனை குடும்பத்துக்கு நிம்மதி.

நெல்லை_நியூஜெர்சி எழுதியது:

முகிலன், உங்களுக்கு வந்தவர் நல்ல பயிற்சி பெற்றவர். அந்தக் கேள்வியைக் கேட்க வைத்ததற்குப் பின்னால் உங்கள் மாநிலத்து வழக்கு ஒன்றே இருக்கிறது. 1970, டயானா வழக்கு. வீட்டில் ஸ்பானிஷ் பேசும் மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் அறிவுத்திறன் சோதனை நடத்தி, மனவளர்ச்சி குன்றியோர் வகுப்பில் போட்டார்கள். ஸ்பானிஷ் தெரிந்தவர் மறுபடி சோதித்தபோது பெரும்பாலானோர் அந்த வரம்புக்கு மேலே வந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு 1979இல் லாரி பி. தீர்ப்பு, கறுப்பினப் பிள்ளைகளை அத்தகைய வகுப்புக்கு அனுப்ப ஐக்யூ சோதனையைப் பயன்படுத்தக் கூடாது என்று. பிள்ளையின் தாய்மொழியில் மதிப்பிட வேண்டும், அது நடைமுறையில் முடியவே முடியாது என்றால்தான் விலக்கு என்று மத்தியச் சட்டத்திலேயே இருக்கிறது.

பயிற்சியில் இவற்றையெல்லாம் வெறும் வரலாறாகச் சொல்லித் தருவதில்லை. இன்டர்னாக இருக்கும்போது வாரத்துக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் மேற்பார்வையாளரோடு உட்கார வேண்டும். என் மேற்பார்வையாளர் அறிக்கையின் எண்களைப் பார்க்கும் முன் "வீட்டில் என்ன மொழி? யார் வளர்க்கிறார்கள்? எத்தனை பள்ளி மாறினான்?" என்று கேட்பார். பதில் இல்லையென்றால் அறிக்கையைத் தொடவே மாட்டார். ரங்கா சார், 1,200 மணி நேரம் எதற்கு என்றால் எனக்கு அந்தச் சந்திப்புகள்தான் நினைவுக்கு வரும்.

தமிழ் தெரிந்த பள்ளி உளவியலாளர்கள் இங்கே மிகக் குறைவு. எடிசன், ஃப்ரிஸ்கோ, ஃப்ரீமான்ட் மாதிரி ஊர்களில் நம் பிள்ளைகள் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் தமிழ் தெரிந்தால் மட்டும் போதாது. விஸ்க்கை உட்கார்ந்த இடத்தில் நீங்களாகத் தமிழில் மொழிபெயர்த்து நடத்தினால், அந்த மதிப்பெண்ணுக்கு ஒப்பிட அளவீடு கிடையாது, எண்ணே செல்லாது. இருமொழிப் பிள்ளையை எப்படி மதிப்பிடுவது என்பதைத் தனியாகப் படிக்க வேண்டும். பாடப் பட்டியலில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

வன்னி_லண்டன் எழுதியது:

ஓம், இங்கிலாந்திலும் இதே கதைதான், ஆனால் வாசல் இன்னும் ஒடுக்கம். இங்கு எஜுகேஷனல் சைக்காலஜிஸ்ட் என்ற பெயர் சட்டப்படி பாதுகாக்கப்பட்டது. எச்சிபிசி என்ற தொழில் ஒழுங்குமுறை அமைப்பில் பதிவு இல்லாமல் போட்டுக்கொள்ள ஏலாது. மூன்று வருட முனைவர் பட்டம் கட்டாயம். அதற்கு முதல் பிரித்தானிய உளவியல் கழகம் ஏற்கும் உளவியல் பட்டமும், பிள்ளைகளோடு வேலை செய்த அனுபவமும் கேட்பினம். அரசாங்கம் படிப்புச் செலவைத் தருகிற இடங்கள் இருக்கிறபடியால் போட்டி கடுமை. கயல் அக்கா, உங்களுக்கு அமெரிக்காவில் முதுகலையோடு நுழைய வழி இருக்கிறது என்றால் யோசிக்காமல் போங்கோ.

கோவை_தேவி எழுதியது:

இழை முழுவதும் வாசித்தேன். இங்கே கோவையில் தனியார் பள்ளி ஒன்றில் கவுன்சலராக இருக்கிறேன். எம்.ஏ. சைக்காலஜி. எங்களுக்கு இப்படி ஒரு தெளிவான பாதையே இல்லையே? பள்ளி உளவியலாளர் என்று இந்தியாவில் உரிமம் இருக்கிறதா? கவுன்சலர் என்று எடுத்துவிட்டு, ஆசிரியர் வராத வகுப்புக்கெல்லாம் என்னைத்தான் அனுப்புகிறார்கள்.

நெல்லை_நியூஜெர்சி எழுதியது:

தேவி, அந்தப் பெயரில் இந்தியாவில் தனி உரிமம் இல்லை. 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆர்சிஐ பதிவு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், ரிஹாபிலிடேஷன் சைக்காலஜிஸ்ட் போன்றவர்களுக்கு. உங்களைப் போல வேலையில் இருப்பவர்களுக்கு ஏற்றது என்சிஇஆர்டி நடத்தும் வழிகாட்டல், ஆலோசனை டிப்ளமா. ஒரு வருஷம்: ஆறு மாதம் தொலைநிலை, மூன்று மாதம் நேரடி, மூன்று மாதம் இன்டர்ன்ஷிப். நமக்குப் பக்கம் மைசூரு மண்டலக் கல்வி நிறுவனம். 2021இல் வந்த அலைட் ஹெல்த் சட்டமும் உளவியலாளர், ஆலோசகர்களைத் தன் வரம்புக்குள் கொண்டுவருகிறது, அதைக் கவனித்துக்கொண்டே இருங்கள்.

இன்னொன்று உங்கள் நிர்வாகத்திடம் காட்டலாம். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், 100 பேர் அல்லது அதற்கு மேல் மாணவர் உள்ள கல்வி நிறுவனங்களில் தகுதியுள்ள ஆலோசகரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ ஒருவராவது இருக்க வேண்டும் என்று வழிகாட்டுதல் கொடுத்தது. கவுன்சலரை வகுப்பு நிரப்ப அனுப்பினால், அந்த நேரத்தில் கதவைத் தட்டும் பிள்ளைக்கு அறையில் ஆள் இல்லை என்பதை எழுத்தில் கொடுங்கள். வாய்ப்பேச்சில் விடாதீர்கள்.

கயல்_டாலஸ் எழுதியது:

எல்லாருக்கும் என்ன சொல்வதென்றே தெரியவில்லை, மிக்க நன்றி. பத்து நாளில் நடந்ததை எழுதுகிறேன்.

மதிப்பெண் பட்டியலைப் பாடவாரியாக மதிப்பிட ஒரு நேசஸ் (வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் நிறுவனங்களின் சங்கம்) உறுப்பு நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டேன். பல்கலைக்கழகத்திலிருந்து நேராகச் சீல் வைத்த உறையில் வர வேண்டுமாம், அம்மா சென்னையில் அலைகிறார். ஒரு படிப்பு இயக்குநரோடு வீடியோவில் பேசினேன். மீனா அக்கா சொன்னது அப்படியே: புள்ளியியலும் வளர்ச்சி உளவியலும் குறைய வாய்ப்பு உண்டு, சோதனை சார்ந்த எல்லாப் பாடமும் இங்கேதான் என்றார். இன்டர்ன்ஷிப் சம்பளம் பற்றிக் கேட்டேன், தயங்காமல் சொன்னார். இருமொழி மதிப்பீட்டுக்குத் தனிப் பாடம் இருக்கிறதாம். எங்கள் பள்ளிக்கு வரும் எல்எஸ்எஸ்பி அம்மா பரிந்துரைக் கடிதம் தருகிறேன் என்று சொல்லிவிட்டார். கணவருக்கும் சம்மதம், மூன்றாம் வருஷம் பையனைப் பள்ளியிலிருந்து கூட்டிவருவது அவர் பொறுப்பு என்று இப்போதே பேசிவிட்டோம்.

நேர்காணலில் என்ன கேட்பார்கள்? அதுதான் இப்போது பயம்.

மீனா_சான்ஆன்டோனியோ எழுதியது:

கயல், "ஏன் கவுன்சலர் இல்லாமல் இது?" என்று கட்டாயம் கேட்பார்கள். முதல் பதிவில் மேசைக்கடியில் உட்காரும் பையனைப் பற்றி எழுதியிருந்தீர்களே, பெயரும் அடையாளமும் இல்லாமல் அதையே சொல்லுங்கள். ஒரு சூழலைக் கொடுத்து என்ன செய்வீர்கள் என்பார்கள்: ஆசிரியர் "இவனை என் வகுப்பிலிருந்து எடுத்துவிடுங்கள்" என்கிறார், அம்மாவோ "அவனுக்கு ஒன்றும் இல்லை" என்கிறார். உடனே சோதனை வைப்பேன் என்று சொல்லிவிடாதீர்கள். முதலில் வகுப்பில் போய்ப் பார்ப்பேன், அம்மாவோடு பேசுவேன், ஆசிரியர் இதுவரை என்னென்ன செய்து பார்த்தார் என்று கேட்பேன் என்று தொடங்குங்கள். சிலர் குழுவாக உட்கார வைத்துப் பேசச் சொல்வார்கள், மற்றவர் பேசும்போது நீங்கள் எப்படிக் கேட்கிறீர்கள் என்றும் கவனிப்பார்கள். சென்னைப் பள்ளி அனுபவத்தைத் தயங்காமல் சொல்லுங்கள், நம் ஆட்கள் அதைச் சொல்லாமலே வந்துவிடுகிறார்கள்.

மாதிரி நேர்காணல் வேண்டுமென்றால் தனிமடல் அனுப்புங்கள். சனிக்கிழமை காலைகளில் எனக்கு நேரம் இருக்கும். ரங்கா சாரின் மனைவியும் சேர்ந்துகொள்ளட்டும், இருவரையும் சேர்த்தே உட்கார வைக்கிறேன்.